கோகோபீட் பையில் யார் சமைத்தது?

இன்று காலை மொட்டை மாடியில் ஒரு பால்பவுடர் டப்பாவைத் திறந்தேன். மழை நனைத்த மரத்தடி வாசம் குப்பென்று வந்தது. மண்ணே ஏறக் கூடாது என்று ஓனர் கட்டளை போட்ட மாடியில் அந்த வாசம்! டப்பாவை நேற்று மாலை கொடுத்தவர் உன் கணவர். அவர் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உன்னோடு சண்டை போட்டே ஆக வேண்டும். நீ போய்விட்டாய் என்பது இன்னும் மண்டையில் ஏறாததால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு வேலை போன வருஷம் நினைவிருக்கிறதா? துணி ஏற்றுமதிக் கம்பெனியில் அத்தனை காலம் குப்பை கொட்டியவளைக் கூப்பிட்டு, திங்கள் முதல் வர வேண்டாம் என்றார்கள். பிரேசர் டவுன் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த என்னை, மேல் வீட்டுக்காரியான நீதான் மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாய். அங்கே உன் ரோஜாத் தொட்டிகள் கொழுத்து நின்றன. மண்ணுக்குப் பதில் கோகோபீட், அதாவது தென்னை நாரின் தூள். பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி எடுக்கிறவள் அல்லவா, கடையில் வாங்கிய உர உப்புகளை அளந்து கரைத்து ஊற்றுவாய். நீலத் தண்ணீர் என்று நான் கேலி செய்வேன்.

எனக்கு அது ஒத்துவரவில்லை. வயிற்றுக்குள் போகிற கீரைக்கு இயற்கை உரம்தான் என்று பிடிவாதம் பிடித்தேன். கோகோபீட் நிரப்பிய பைகளில் கீரை விதைத்து, கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து, புளிக்கவிட்டு, நிறையத் தண்ணீர் கலந்து ஊற்றினேன். மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு நீ பாடம் எடுத்தாய்.

"புண்ணாக்கு அரிசி பருப்பு மாதிரிடி. செடி அதைப் பச்சையா திங்காது. மண்ணுல கண்ணுக்குத் தெரியாத உயிருங்க கோடிக்கணக்குல இருக்கு, அதுங்க சமைச்சுப் போடும். உன் பையில யாரு இருக்கா? கழுவின நாரு. கிச்சன்ல ஆளே இல்ல!"

"வளந்துச்சுன்னா?"

"வளரட்டும், பாக்கலாம். சும்னே வாய் பேசாத." சும்மா என்பதை நீ கன்னடத்தில்தான் சொல்வாய்.

வளர்ந்தது! பாலக்கும் வெந்தயக்கீரையும் தளதளவென்று வந்தன. ஒரு கட்டு கீரை அறுத்துக்கொண்டு உன் கதவைத் தட்டி, "எங்கடி உன் கெமிஸ்ட்ரி?" என்று கேட்டேன். நீ தலையைச் சொறிந்தாய். "என் புக்குலதான் ஏதோ தப்பு போல" என்றாய். அந்த வருஷம் நான் ஜெயித்தது அந்த ஒன்றில் மட்டும்தான். கீரைக் கட்டைக் கொடுக்கிற சாக்கில்தான் மறுபடி மனிதர்கள் முகத்தைப் பார்த்தேன். அடுத்த வேலைக்கு இன்டர்வியூ போனதும் அந்தத் தெம்பில்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு புதுப் பைக்கும் இதே கதை, இதே பீற்றல்.

போன மாதம் திரைத்துணி வாங்க சிவாஜிநகர் போனாய். போகும்போதுகூட என் புண்ணாக்கு வாளியைப் பார்த்து மூக்கைப் பிடித்துக் காட்டிவிட்டுத்தான் படி இறங்கினாய். மதியம் போன் வந்தது. கடை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லையாம். அது உன் கணவரின் குரல் என்று தெரிந்தும், "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் மறுபடி கூப்பிட வேண்டியிருந்தது.

சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்ததால் புதுப் பைகள் போட்டேன். கோகோபீட் கட்டியை ஊறவைத்து, உப்புப் போக அலசி, விதை தூவி, அதே புண்ணாக்குத் தண்ணீர். முளைத்த கீரை வெளிறி மஞ்சளாகி, குட்டையாகவே நின்றுவிட்டது. பட்டினியோ என்று இன்னும் ஊற்றினேன். நாற்றமும் பொடி ஈக்களும்தான் மிச்சம். பக்கத்திலேயே பழைய பைகள் பச்சைப்பசேலென்று இருந்தன. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நேற்று உன் ரோஜாக்களுக்குத் தண்ணீர் விட வந்த உன் கணவர் குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, இதுக்கு மக்கு கலக்கலையா?"

"என்ன மக்குண்ணா?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "ஒக்கலிபுரத்துல எங்க அக்கா வீட்டு மாமரத்தடியில இலையெல்லாம் மக்கிக் கெடக்கும். அதை உங்க ஃபிரெண்டுதான் டப்பாவுல அள்ளிட்டு வருவாளே! நீங்க பை போட்டுட்டுக் கீழ இறங்கினதும், மேல போய் பைக்கு ரெண்டு கை கலந்துட்டு வருவா. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்!"

"எனக்கு எதுக்குண்ணா அவ..."

"நானும் கேட்டேன். 'வேலை போய் நொந்து கெடக்கறா, இதுலயாச்சும் ஜெயிக்கட்டுமே'ன்னா. அப்புறம் அதுவே பழக்கமாயிடுச்சு." கீழே போய் அந்த டப்பாவைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

முதல் நாளே நீ சொன்னதுதான் சரி. கழுவின நாரில் சமைக்க ஆளில்லை. ஆட்களை ஒக்கலிபுரத்திலிருந்து நீயே கூட்டிவந்து என் பையில் குடிவைத்திருக்கிறாய். உன் கட்சிக்கு எதிராக நீயே சாட்சி தயார் செய்துவிட்டு, நான் பீற்றிக்கொண்டபோதெல்லாம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றிருக்கிறாய். ஒரு தடவைகூடச் சிரித்துவிடவில்லையே, எப்படியடி முடிந்தது உன்னால்? எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. கோபப்பட்டுக்கொண்டே அழுகிறேன்.

இன்று காலை எல்லாப் பைகளிலும் மக்கைக் கலந்துவிட்டேன். அந்த உயிர்கள் பரவுகிறவரை புண்ணாக்குத் தண்ணீரை நிறுத்திவைப்பதாக இருக்கிறேன். கீரை தேறிவிடும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. தேறியதும் ஓடிவந்து "நான் தோத்துட்டேன்டி" என்று உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும். இத்தனை வருஷம் கழித்து, சந்தோஷமாகத் தோற்றுப்போக நான் தயாராக இருக்கிறேன். அந்தத் தோல்வியை வாங்கிக்கொள்ள நீ இல்லாததால் நானே வைத்துக்கொண்டிருக்கிறேன்.