வலையில் வந்த இருக்கை

ஆடி வெள்ளி, 1955

தினமும் சாயங்காலம் எங்கள் குப்பத்துக்கு மேலே போகும் விமானம் முந்தாநாள் என்ஜின் பழுதாகிக் கடலில் விழுந்துவிட்டது. யாரும் பிழைக்கவில்லை என்று ரேடியோவில் சொன்னார்கள். இன்று மத்தியானம் அதன் இருக்கை ஒன்று அண்ணன் வலையில் ஏறி வந்தது.

"ப்ளேனு ப்ளேனுன்னு உசுர வுடுவியே, வந்து குந்திப் பாரு" என்றான்.

ஓடினேன். நீலத் துணி, கைப்பிடியில் சின்னதாய் ஒரு சாம்பல் கிண்ணம். பழைய பேப்பரில் படம் வெட்டி வைத்திருக்கிறேனே, அதே மாதிரி! உட்காரப் போனவள் நின்றுவிட்டேன். இடுப்புப் பட்டை பூட்டியே இருந்தது.

"இன்னாடி முழிக்கிற? அவுத்துட்டு குந்து."

"வாணாண்ணா. யாரோ பூட்டிக்கினது."

பட்டையை அவிழ்க்கப் போன அண்ணன் கையை எடுத்துக்கொண்டான். நாளைக் காலை செங்கல்பட்டிலிருந்து போலீஸ் வந்து எடுத்துப் போகுமாம்.

அந்த விமானம் போகும்போதெல்லாம் ஜன்னலோரம் ஓர் இடம் எனக்காகக் காலியாக இருக்கிறது என்று நினைத்துத்தான் கையாட்டுவேன். இன்றும் அந்த நேரத்துக்கு மேலே பார்த்தேன். இந்த இருக்கை அந்த இடமாகவே இருக்கட்டும். யாரும் ஏறாத இடம். பட்டையைச் சும்மாதான் பூட்டி வைத்திருப்பார்கள்.