கூரையில் கிடக்கும் பால்பல்

அனுப்புநர்:
ஜெ. ஜெப்ஸி (வயது 26),
சரக்குப் பெட்டக யார்டு எழுத்தர்,
புதுக்கோட்டை, தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்:
திட்ட அலுவலர் அவர்கள்,
பால்பல் ஆய்வுத் திட்ட மாதிரி சேகரிப்பு மையம்,
தூத்துக்குடி.

பொருள்: மகள் கிருபையின் பல்லை எறிந்துவிட்டு, தாய் மீது பழி எழுதியது குறித்து.

பார்வை: 28.10.2025 நாளிட்ட என் முதல் மனு. பதில் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகளின் பல்லைத் தங்கள் மையம் சைக்கிள் கொட்டகைக் கூரையில் எறிந்தது. பிறகு, 'மாதிரி வரவில்லை; தாய் ஒத்துழைக்கவில்லை' என்று எழுதி எங்களை ஆய்விலிருந்து நீக்கியது.

1. கிருபைக்கு வயது ஏழு. ஆட்டிசம் உண்டு; பேச்சு இல்லை. விழுந்த பல்லுக்குள் உயிரோடிருக்கும் ஸ்டெம் செல்களை நரம்பு செல்களாக வளர்த்து, ஆட்டிசத்தில் எது மாறியிருக்கிறது என்று பார்ப்பதாகத் தங்கள் ஆய்வு முகாமில் சொன்னார்கள். இதனால் அவள் குணமாக மாட்டாள் என்றும் சொன்னார்கள். அப்படிச் சொன்னதால்தான் கையெழுத்திட்டேன்.

2. வாயைத் தொட்டால் கிருபை கடிப்பாள். ஆடிய பல்லை விழுங்கிவிடக் கூடாதென்று பதினொரு நாள் விடுப்பெடுத்து அவள் எதிரே உட்கார்ந்திருந்தேன். 14.10.2025 காலை பல் இட்லியோடு வந்தது. தாங்கள் தந்த மருந்துக் குப்பியில் போட்டு, ஐஸ் பையோடு ஒன்பதரைக்கு மையத்தில் இருந்தேன்.

3. மாதிரி வாங்கும் தொழில்நுட்பர் பன்னிரண்டு வரை வரவில்லை. கிருபை தரையில் விழுந்து கத்தத் தொடங்கியதால், குப்பியை அலுவலக உதவியாளர் இன்பமணி அம்மாவிடம் ஒப்படைத்துக் கிளம்பினேன். நாலு மணிக்கு வந்த தொழில்நுட்பர், "கூரியர் போயிட்டு, இனி இது ஆவாது, தூரப் போடுங்க" என்றாராம். "ஏளா, பிள்ளைப் பல்லக் குப்பையில போட மனசு கேக்கல. நல்ல பல்லா முளைக்கட்டும்னு சாணியில பொதிஞ்சு கூரையில எறிஞ்சேன்" என்று மறுநாள் இன்பமணி அம்மா என்னிடம் அழுதார். அன்று அந்த மையத்தில் முறைப்படி நடந்த காரியம் அது ஒன்றுதான். அவர் மீது நடவடிக்கை வேண்டாம்.

4. "வயித்துல பிள்ளைய வச்சிக்கிட்டு ஹார்பர் புகையில போய் நின்னா வேற என்னத்தப் பெறுவா?" என்பது கிருபைக்கு ஆட்டிசம் என்று தெரிந்த நாளிலிருந்து என் மாமியார் தரும் தீர்ப்பு. அது சரியா என்று யாராவது ஒருவர் செல்லைப் பார்த்துச் சொல்லட்டும் என்றுதான் பல்லைக் கொடுத்தேன். தாங்கள் பல்லைப் பார்க்காமலே தீர்ப்பை முத்திரையிட்டுத் தபாலில் அனுப்பிவிட்டீர்கள். கடிதத்தைப் பிரித்துப் படித்ததும் என் மாமியார்தான்.

5. ஆகவே, 'தாய் ஒத்துழைக்கவில்லை' என்ற வாக்கியத்தை அடித்துவிட்டு எங்களை மீண்டும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பக்கத்துப் பல் லேசாக ஆடுகிறது என்று முதல் மனுவில் எழுதியிருந்தேன். இப்போது அதை நாக்கால் தள்ளுகிறாள். அது விழும் நாளில், மாதிரி வாங்கும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருப்பார்? பெயரை எழுத்தில் தெரிவிக்கவும்.

நாள்: 10.11.2025
இடம்: புதுக்கோட்டை

கிருபையின் தாய்,
ஜெ. ஜெப்ஸி