ஒன்பதாவது படம்

பிப்ரவரி 9

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

இங்கே நானும் மகளும் நலம். பார்சலைப் பிரித்ததும் உனக்கு முகம் கடுத்திருக்கும். ஆமாம், அதே புத்தகம்தான். என் அப்பா விட்டுப்போன படக்கதைப் புத்தகம். முன்பக்கப் பட்டியலில் பன்னிரண்டு படம், உள்ளே பதினொன்று; ஒன்பதாவதான கரடிப் படத்தை என் சின்ன வயசிலேயே நான் பார்த்ததில்லை.

போன வாரம் அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது மகள் அதை எடுத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா, அந்தக் கரடிப் படத்த நான்தான வெட்டுனேன்? அதனாலதான அம்மா போனாங்க?" என்றாள். இல்லையென்று சத்தியம் செய்தேன். "நீங்க எனக்காகச் சொல்றீங்க" என்கிறாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் நீ சொன்னதும் அதேதான்.

என் பேச்சை வீட்டில் யாரும் நம்புவதில்லை. உன் கண்ணை அவள் நம்புவாள். உன் பழைய புத்தகக் கடைக்கு வரும் புத்தகத்தைப் பார்ப்பதுபோல் இதையும் பார்த்து, நிலையையும் மதிப்பையும் எழுதி அனுப்பு. நான் பொய் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால் பயம் இல்லை.

இப்படிக்கு,
வண்டி ஓட்டக் கற்றுத்தரும் வாத்தியார்

பிப்ரவரி 14

வாத்தியாருக்கு,

பழைய புத்தகத்தைப் பேப்பரில் சுற்றி, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி அனுப்புகிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மூலை ஒன்று நசுங்கிவிட்டது. அதையும் எழுதுவேன்.

அன்றைக்கு மகள் மடியில் கத்தரிக்கோல் இருந்தது. சுற்றிலும் வெட்டிய காகிதத் துண்டுகள். அவளுக்கு நாலு வயசு. அதற்கு முன்னால் அவள் உடைத்ததையெல்லாம் நீங்கள் மறைத்திருக்கிறீர்கள், மறுக்காதீர்கள். இருந்தாலும் பார்க்கிறேன். இந்தத் தொழிலில் நான் தப்பாகச் சொன்னேன் என்று இதுவரை ஒருவரும் திரும்பி வந்ததில்லை. வெட்டியிருந்தால் வெட்டியது என்றுதான் எழுதுவேன். மகளிடம் எப்படிச் சொல்வது என்பதை அப்புறம் யோசிப்போம்.

- பூ.க.

பிப்ரவரி 21

வாத்தியாருக்கு,

பார்த்துவிட்டேன். மூன்று நாள் பார்த்தேன்.

அட்டை அசல், முதுகில் சின்ன விரிசல். தாளில் பழுப்பு குறைவு, பூச்சி அரிப்பு இல்லை. வண்ணம் அப்படியே இருக்கிறது. பன்னிரண்டு படமும் இருந்திருந்தால் நல்ல விலை போயிருக்கும். இப்போது அதில் பாதிதான்.

இனி ஒன்பதாவது படம். ஒரு தாளை வெட்டினால் தையலோரம் நறுக்கு மிஞ்சும். கிழித்தால் பிசிர் மிஞ்சும். இங்கே இரண்டும் இல்லை, தையலும் இறுக்கமாக இருக்கிறது. அப்படியும் எனக்கு மனசு ஆறவில்லை. விளக்கடியில் ஒவ்வொரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தேன். இத்தனை வருஷம் மூடிக் கிடந்ததில், பதினொரு படத்தின் மையும் எதிர்ப்பக்கத்தில் மங்கலாக ஒட்டியிருக்கிறது. கரடிப் படம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் மட்டும் எதிர்ப்பக்கம் சுத்தமாக இருக்கிறது.

அந்தப் படம் இந்தப் புத்தகத்தில் என்றைக்குமே இருந்ததில்லை. தைத்தவர் சேர்க்க மறந்திருக்கிறார். மகள் வெட்டியது வேறு ஏதோ காகிதம்.

வருகிறவர்களிடமெல்லாம், முதலில் பாருங்கள், பிறகு பேசுங்கள் என்பேன். அன்றைக்கு நான் புத்தகத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. உங்களைப் பொய்யர் என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டினேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. மன்னித்துவிடுங்கள். கடைக் கையெழுத்தும் முத்திரையும் வைத்து மகள் பெயருக்குத் தனியாக ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறேன். புத்தகத்தை முறையாகப் பொதிந்து அனுப்புகிறேன், கற்றுக்கொள்ளுங்கள்.

- பூதக்கண்ணாடி

பிப்ரவரி 27

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

உன் பொட்டலத்தைப் பிரிக்க அரைமணி நேரமும் ஒரு கத்தியும் தேவைப்பட்டது.

மகள் சான்றிதழைப் படித்தாள். படித்ததோடு விட்டாளா? என் படிக்கிற கண்ணாடியை வாங்கிக்கொண்டு, மேசை விளக்கை இழுத்து வைத்து, பதினொரு படத்துக்கும் எதிர்ப்பக்கத்தைச் சரிபார்த்தாள். கடைசியாகக் கரடியின் இடத்துக்கு வந்தாள். அங்கேயே விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். நான் குறுக்கே போகவில்லை.

பிறகு முகத்தைக் கழுவிவிட்டு வந்து சொன்னாள்: "அம்மா சரியாத்தான் பார்த்திருக்காங்க. ஆனா ரொம்ப லேட்டா பார்த்திருக்காங்க."

எனக்கும் கோபம் இருந்தது, இல்லையென்று சொன்னால் அதுதான் இந்த விஷயத்தில் நான் சொல்லும் முதல் பொய்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் போன் பண்ண வேண்டாம் என்கிறாள். நேரில் வரச் சொல்கிறாள். பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியோடு நான் வருகிறேன்.

இப்படிக்கு,
உன் வாத்தியார்