சணல் குடித்த ஈரம்

ஈஜிபுரா, பெங்களூரு. 14 ஜூலை 2025, மாலை 6.10. பன்னிரண்டு தகடுகளில் ஒன்பது பிளந்துவிட்டன.

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முட்டிவலி குறைந்ததா? நான் நலம், பயப்பட ஒன்றுமில்லை.

சணல் துணியில் நம் பண்ருட்டி முந்திரி ஓட்டு எண்ணெயிலிருந்து செய்த ரெசின் என்ற பிசினை ஊற்றி, பேருந்து இருக்கைக்குத் தகடு செய்கிறோம். ஒன்பதும் அடுக்கடுக்காகப் பிரிந்ததும் மேலாளர் மஞ்சுநாத், “செடி ரெசின் இவ்ளோதான்பா. பழையபடி பெட்ரோலிய ரெசினுக்கே போயிடலாம்” என்றார்.

“ரெசின் மேல பழி போடாதீங்க சார். காயவெச்ச சணலை வெளிய வெச்சுட்டு டீ குடிக்கப் போனது நான். மழைக்காத்துல ஈரம் குடிச்சிருச்சு, அதான் ரெசின் ஒட்டல.”

“தப்பு உன்னுது, கோவம் என்மேலயா?” என்று சிரித்தார். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் இந்த வேலையையே நிறுத்திவிடுவார்கள்.

ஊருக்கே வந்துவிடு என்று மட்டும் சொல்லாதீர்கள். என் பழைய போர்வையை அனுப்புங்கள், இங்கே குளிர்கிறது. ஞாயிற்றுக்கிழமை விஷயம் இல்லாவிட்டாலும் போன் போடுங்கள்.

அவசரத்தில், பரணி.

இனி செய்யப்போவது:

1. சணலை உலர்த்தும் அடுப்பிலிருந்து எடுத்த கையோடு ரெசின் ஊற்றுவேன்.
2. வெள்ளிக்கிழமை வரை டீ கிடையாது.
3. அன்றைக்குத் தகட்டை இரண்டு செங்கல் மேல் வைத்து, மஞ்சுநாத்தையே ஏறி நிற்கச் சொல்வேன்.