எதிர் இலை

மதுரை
14.7.2024

அன்புள்ள அம்மாவுக்கு, அக்ஷரா எழுதுவது.

நான் சென்னையில் இல்லை. பெங்களூரில் பயிற்சி என்று சொன்னதும் பொய். மதுரைக்கு வெளியே ஒரு மனநல மருத்துவமனையில் தங்கியிருக்கிறேன். இங்கே தங்குகிறவரை போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். கடிதம் எழுதலாம்.

பயப்படாதீர்கள். எனக்கு வந்திருப்பது சாப்பாட்டைப் பிடித்துக்கொண்ட ஒரு நோய். மனசு தாங்காதபோது யாருக்கும் தெரியாமல் வயிறு வலிக்கிறவரை தின்பேன். பிறகு போய் வாந்தி எடுத்துவிடுவேன். காலேஜில் எப்போதாவதுதான். என்னைப் பெற்ற அப்பச்சி தவறிய பிறகு தினமும் என்றாகிவிட்டது. போன மாதம் ஆபீஸ் படிக்கட்டில் மயங்கி விழுந்தேன். கூட வேலை பார்க்கும் துர்காதேவிக்கு மதுரைதான் ஊர். அவள்தான் இங்கே கொண்டுவந்து சேர்த்தாள்.

சுபலட்சுமி என்று ஒரு டாக்டர் என்னோடு பேசுகிறார். மனசு கனக்கும்போது சாப்பாட்டிடம் ஓடாமல் இருக்கப் பழக்குகிறார். கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வாந்தி நின்றிருக்கிறது.

உங்கள் மகள்
அக்ஷரா


காரைக்குடி
19.7.2024

என் தங்கம் அக்ஷராவுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது.

பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாயே, நான் என்ன செத்தா போனேன்? நல்லா சாப்பிடுகிற பிள்ளைக்கு என்ன நோய் வரும்? ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொண்டிருக்காது. பேசினால் வயிறு சரியாகிவிடுமா என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டர் சொன்னால் கேட்டுக்கொள்.

கீழச்சிவல்பட்டி வயிரவன் வீட்டார் உன் ஜாதகம் கேட்டு வந்திருந்தார்கள். “மக எப்ப வாரா ஆச்சி?” என்றார்கள். பெங்களூரில் பயிற்சி என்று நீ சொன்னதையே நானும் சொன்னேன். மனநலம் என்ற வார்த்தை மட்டும் ஊருக்குள் வரவேண்டாம்.

பலகார டப்பாவில் மணகோலமும் சீப்புச்சீடையும் போட்டு அனுப்பியிருக்கிறேன். நிறையச் சாப்பிடு. கன்னம் மட்டும் உப்பிவிடாமல் பார்த்துக்கொள்.

அன்புள்ள அம்மா
நாகம்மை


மதுரை
2.8.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

டப்பாவை நர்ஸிடம் கொடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். பலகாரத்தை அறையில் வைத்துக்கொண்டு தூங்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

நேற்று டாக்டர் ஒன்று கேட்டார். “அம்மா சாப்பிட்டு நீங்க பாத்திருக்கீங்களா?” இதென்ன கேள்வி என்று சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். நீங்கள் சமைக்கிறது தெரிகிறது, பரிமாறுகிறது தெரிகிறது, தூணோரம் நின்று “இன்னுங் கொஞ்சம் வச்சுக்கத்தா” என்கிறது தெரிகிறது. வாயில் சோறு வைக்கிறது மட்டும் ஞாபகத்தில் இல்லவே இல்லை. கேட்டால் விரதம் என்பீர்கள், அப்புறம் என்பீர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வாருங்கள் அம்மா. பேசக்கூட வேண்டாம். எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடுவோம். அது போதும் என்கிறார் டாக்டர். எனக்கும் அதுதான் வேண்டியிருக்கிறது.

அக்ஷரா


காரைக்குடி
9.8.2024

அன்பு மகளுக்கு,

வேலைக்காரி லீவு, உன் அம்மான் வீட்டில் விசேஷம், எனக்கு முழங்கால் வலி என்று எழுதி எழுதி மூன்று காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். வருகிறேன். பதினெட்டாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். நீ அழாதே.

அம்மா


மதுரை
21.8.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நான் உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. அன்றைக்கு நடந்ததைப் பற்றி நாம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இரண்டு இலை போட்டிருந்தார்கள். நீங்கள் உட்கார்ந்தீர்கள். சாம்பார் வாளி வந்ததும் எழுந்துவிட்டீர்கள். பரிமாற வந்த பெண்ணிடம், “இங்குட்டுக் குடு ஆத்தா, நா ஊத்துறேன்” என்று வாளியை வாங்கிக்கொண்டீர்கள். “உக்காருங்கம்மா” என்றேன். “இன்னைக்கு விரதம்த்தா” என்றீர்கள். “என்ன விரதம்?” என்று டாக்டர் கேட்டார். உங்கள் முகம் சின்னப் பிள்ளை முகம்போல் ஆனதைப் பார்த்தேன்.

நீங்கள் போட்டதையெல்லாம் தின்றேன். நீங்கள் பஸ் ஏறிய பிறகு வாந்தி எடுத்தேன். மறுநாளும். இன்றைக்கும்.

கொஞ்ச காலம் வீட்டுப் பக்கம் போகாமல் இருந்தால்தான் தேறலாம் என்கிறார் டாக்டர். அதைக்கூட நிச்சயமாகச் சொல்லவில்லை. எனக்கு வேறு ஒன்று தோன்றுகிறது. நீங்களும் ஒரு டாக்டரைப் பாருங்கள். உங்களுக்கும் இது நோய்தான் அம்மா. சேர்ந்தே சரியாவோம்.

அக்ஷரா


காரைக்குடி
30.8.2024

என் செல்ல மகளுக்கு,

உன் முன்னால் ஒரு வாய் எடுத்து வைத்துவிடவேண்டும் என்றுதான் வந்தேன். பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கை எழவில்லை.

இந்த வீட்டுக்கு வந்த புதிதில் பந்தியில் இரண்டாம் தடவை சோறு கேட்டேன். “மெதுவாத் தின்னு, சோறு ஓடியா போகுது?” என்று மாமியார் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அன்றோடு நான் பந்தியில் உட்காரவில்லை. பட்டினி கிடந்தால் மனசு அடங்குகிறது என்று மெல்லத் தெரிந்துகொண்டேன். உன் அப்பச்சி கட்டினவளோடு பேசாமல் இருந்த நாளிலும், அவரைத் தூக்கிக்கொண்டு போன நாளிலும் அதுதான் என்னைத் தாங்கியது. இத்தனை பெரிய வீட்டில் எனக்கென்று இருப்பது அந்தப் பசி ஒன்றுதான். அதை டாக்டரிடம் கொடுத்துவிட்டு நான் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்? அறுபது வயதில் என்னால் ஆகாது. உனக்கு வயதிருக்கிறது.

டாக்டர் சொன்னது சரி. நீ இங்கே வரவேண்டாம். வந்தால் நான் பரிமாறுவேன், நீ தின்பாய், பிறகு கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிடுவாய். அந்தச் சத்தத்தை வெளியே நின்று கேட்டுக்கொண்டே அடுப்படிக்குப் போய்விடுவேன். எப்போதும் அப்படித்தான் செய்தேன்.

வயிரவன் வீட்டாரிடம் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இதற்குப் பதில் எழுதாதே ஆத்தா. உன் எழுத்தைப் பார்த்தால் கிளம்பி வந்துவிடுவேன்.

அம்மா