சீனிக் கொப்பி

யூலை 7, திங்கள்

கச்சான் காத்து. விடியக் கூட்டின வளவு ஏழு மணிக்கே புழுதி. காயப்போட்ட உடுப்பை இரண்டு தரம் உதறினேன்.

இவருக்குச் சீனி வருத்தம். இவரோட கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் முதலில் எங்கட சீனிக் கொப்பியைப் பார்த்தா. வீட்டு மெசினில் காலமை வெறும் வயித்தில் பார்த்து எழுதினது. 108, 104, 111, 99, 113. மூன்று மாதமும் இப்பிடித்தான். "பரவாயில்லையே" என்றா. மறுகா ஆஸ்பத்திரி லாப் துண்டு. மூன்று மாதச் சராசரி காட்டுற ரத்தப் பரிசோதனை. 9.8. முகம் மாறிற்று.

"ரெண்டும் ஒத்து வரல்ல. 9.8 எண்டா காலமையில இருநூறுக்கு மேல இரிக்கணும். மெசினக் குடுத்துச் சோதிச்சுட்டு அடுத்த கிழமை வாங்க. உண்மையிலேயே இவ்வளவு எண்டா இன்சுலின் ஊசி தொடங்கத்தான் வேணும்."

வரும் வழியில் இவர், "லாப்பில ஆர்ட ரத்தத்தையோ மாத்திட்டாங்க. மெசின் நல்ல மெசின்."

ஊசிக்கு ஏன் பயம் என்று தெரியும். ஸ்கூல் வேன் ஓடுறவர். குருக்கள்மடத்தில் தொடங்கி, எங்கட செட்டிபாளையத்துப் புள்ளைகளையும் ஏத்திக்கொண்டு களுவாஞ்சிக்குடி. பதினாலு புள்ளைகள். ஊசி போடுற ஆளுக்குச் சீனி இறங்கினால் மயக்கம் வரும் என்று எல்லா அம்மாமாருக்கும் தெரியும்.

எனக்கு மெசினில்தான் சந்தேகம். சோப்புக் கட்டியளவு சாமான், அது சொல்றதை எப்பிடி நம்புறது?

யூலை 8, செவ்வாய்

வேன் போன பிறகு என் விரலிலேயே பார்த்தேன்.

7.20 - 92
7.23, அதே விரல் - 101
7.26, மற்றக் கை - 95

மூன்று நிமிசத்தில் ஒன்பது கூடுமா? பக்கத்து வீட்டு மலர் அக்காவுக்கும் சீனி. அவட மெசினில் எனக்கு 98.

"மெசினுக்கு மெசின் பத்துப் பதினைஞ்சு வித்தியாசம் வரும் கா. அதுக்குப் பயப்பிடாத."

"நூறு வருமா?"

"நூறு வந்தாக் குப்பையில போடு."

வந்து பார்த்தால், ரத்தத் துளி விடுற ஸ்ட்ரிப் போத்தல் குளிர்ப்பெட்டிக்கு மேல், மூடி அரைகுறையாய். ஈரக்காத்துப் பட்டால் ஸ்ட்ரிப் கெடும் என்று போத்தலிலேயே எழுதிக் கிடக்கு. வினோ வேலை. காலமையில் தகப்பனுக்குக் குத்திப் பார்த்துக் கொப்பியில் எழுதுறது மகள்தான். இருபது வயது, கம்பஸுக்கு எடுபட்டவங்கட பெயர் வரக் காத்துக்கொண்டு வீட்டில் இருக்கா. நான் அந்த நேரம் குசினியில், இடியப்பம்.

குத்தின விரலெல்லாம் நோகுது. அரிசி களையவே கஷ்டம். இவர் ஒரு நாளும் நோகுது என்று சொன்னதில்லையே.

யூலை 9, புதன்

களுவாஞ்சிக்குடி. மெசின் வாங்கின மருந்துக்கடை. சனம். வரிசையில் ஒரு ஐயா இன்னொருவரிடம்: "சீனியெல்லாம் மனசிலதான் இரிக்கு, பாக்காட்டி வராது."

கடைத்தம்பி நல்ல மாதிரி. சீனி அளவு தெரிஞ்ச ஒரு தண்ணி வச்சிருக்கார். அதை ஸ்ட்ரிப்பில் ஒரு துளி விட்டு மெசினில் போட்டார். 121. போத்தலில் அச்சடிச்சிருந்த எல்லைக்குள்தான்.

"மெசினும் சரி, ஸ்ட்ரிப்பும் சரி அம்மா. கை கழுவாமப் பாத்தாக் கூடக் காட்டும். பழம் உரிச்ச கை எண்டா இன்னும் கூட. ஆனா உங்களுக்குக் குறையவெல்லோ காட்டுது."

வித்தவரே நல்லது என்று சொன்னால் நம்புறதா?

மெசினுக்குள் கடைசி ஐம்பது கணக்கு இருக்குமாம், எந்த பட்டன் என்று காட்டினார். பஸ்ஸில் வரும்போது ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன். நான் குத்தினது தவிர எல்லாம் கொப்பியில் உள்ளதே. அப்ப எழுதினது பொய் இல்ல. லாப்தான் பிழையோ?

பால்மா வாங்க மறந்துபோனேன்.

யூலை 10, வியாழன். போயா லீவு

பள்ளிக்கூடம் இல்ல. இன்றைக்கு என் கண்ணுக்கு முன்னால் பார்க்கவேண்டும் என்று இருந்தேன். கோழிக்குத் தீன் போட்டு வர, அதுக்குள்ள குத்தி முடிஞ்சிற்று. கொப்பியில் 110.

"திரும்ப ஒருக்காப் பாப்பம்," என்றேன்.

"ஸ்ட்ரிப்ப வீணாக்காத."

"வேற லாப்பில ரத்தம் குடுப்பமா?"

"உனக்கு வேற வேலை இல்லையா?"

இவர் ஏசுற மனிசன் இல்ல. வினோ இடையில் எழும்பிப் போனா. என்னவோ இருக்கு. என்னவென்று பிடிபடல்ல.

யூலை 11, வெள்ளி

மத்தியானம். இறால் குழம்பு, மாங்காய்ச் சம்பல். வினோ சம்பலுக்கு உப்பும் தூளும் பிசைஞ்சா. சட்டென்று கையை உதறினா.

"என்ன?"

"ஒண்டுமில்லம்மா. எரியுது."

கையைப் பிடிச்சு வெளிச்சத்தில் பார்த்தேன். நடுவிரல், மோதிரவிரல், இரண்டு கையிலும். பக்கவாட்டில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள். என் விரலிலும் செவ்வாய்க்கிழமை குத்தினது அப்பிடியே இருக்கு.

"எத்தின நாளா?"

"மூண்டு மாசம்."

"அப்பா கேட்டாரா?"

"முதல் நாள் அப்பாக்கு மெசின் 246 காட்டிச்சு. அப்பா நம்பல்ல. மெசின் சரியா எண்டு பாப்பம், உன்ட விரலக் குடு எண்டார். 99 வந்துச்சு. அதையே எழுதச் சொன்னார். அடுத்த நாள் அவர் கேக்கல்லம்மா. நான்தான் விரல நீட்டினன்."

"ஏன் மகள்?"

"மெசினப் பாத்துக்கொண்டு அப்பா இருந்த இருப்பு. என்னால பாக்க ஏலாமப் போச்சு."

கையைக் கழுவி விட்டேன். மெசின், கடை, லாப் என்று நாலு நாள் சந்தேகப்பட்டேன். இந்த வீட்டுக்குள்ள ஒருக்காவும் பார்க்கல்ல.

யூலை 12, சனி

காலை 6.10. இவரைக் கதிரையில் இருத்தி, சவர்க்காரம் போட்டுக் கை கழுவித் துடைக்கச் சொன்னேன். நானே குத்தினேன்.

263.

மற்றக் கை, 257.

"வினோவ ஏசாத," என்றார்.

"கண் எப்பிடி?" என்று கேட்டேன். வாயில் வந்தது, ஏன் கேட்டேனோ தெரியாது.

"எதிர வாற பஸ் கிட்ட வந்தாத்தான் தெரியுது. மெல்லமாத்தான் ஓடுறன்."

ஆணியில் தொங்கின வேன் திறப்பை எடுத்து என் அலுமாரியில் பூட்டினேன்.

கழுவின இடியப்பத் தட்டெல்லாம் திரும்பவும் கழுவினேன்.

யூலை 13, ஞாயிறு

இவரே சைக்கிளில் வீடு வீடாய்ப் போனார். சீனி கூடிற்று, கண் தெளிவில்ல, டொக்டர் சொல்லுற வரைக்கும் ஓட மாட்டன் என்று எல்லாரிடமும். பென்சன் எடுத்த பஸ் டிரைவர் ஒருவர் நாளையிலிருந்து ஓடச் சம்மதம்.

குருக்கள்மடத்தில் ஒரு அம்மா சொன்னாவாம்: "வேன் ரோட்டு வெள்ளைக் கோட்டுக்கு அங்கால போகுது எண்டு என்ட மகள் ரெண்டு தரம் சொன்னவ. நான் நம்பல்ல அண்ணன்."

அதைச் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்தார்.

யூலை 14, திங்கள்

கிளினிக். இவரே எல்லாத்தையும் சொன்னார், விரல் கதை உட்பட. டொக்டர் ஏசல்ல. ராவைக்கு ஊசி, சின்ன அளவு. கண் கிளினிக்குக்குத் துண்டு. அதுவரைக்கும் ஸ்டியரிங் தொடக் கூடாது.

முடிஞ்சுது என்று எழும்பினோம். டொக்டர் கொப்பியைத் திரும்பப் புரட்டினா.

"அப்ப இது மகள்ட சீனி?"

"ஓம்."

"108, 111, 113. மருந்து எடுக்கிற அப்பாக்கு இது நல்லது. இருபது வயசுப் புள்ளைக்கு வெறும் வயித்தில நூறுக்குள்ள இரிக்கணும், இது கூட. கூட்டிட்டு வாங்க."

"மெசின் பத்துப் பதினைஞ்சு கூடக் காட்டுமாமே டொக்டர்?"

"ஒரு நாள் காட்டும். மூண்டு மாசமும் அதே மாதிரியா?"

இவர் திரும்பவும் கதிரையில் இருந்திட்டார்.

யூலை 15, செவ்வாய்

வினோவுக்கு லாப்பில் ரத்தம் எடுத்தது. பெயர் ஒட்டுறதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இரண்டு தரம் வாசிச்சேன். நேர்ஸ் சிரிச்சா.

யூலை 17, வியாழன்

வினோ 112. சீனி வருத்தம் இல்ல, ஆனால் எல்லைக்கு வந்திட்டுது. மருந்து வேணாம். சோற்றைக் குறைக்கட்டும், தினமும் நடக்கட்டும், மூன்று மாதத்தில் திரும்ப ரத்தம்.

சாப்பிடும்போது இவர் மெல்லமாய், "விரல் குடுத்தபடியாத்தானே தெரிய வந்துச்சு," என்றார்.

"அத ஒரு ஞாயமாச் சொல்லாதீங்க," என்றேன். வினோ மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு பிளேட்டைப் பார்த்தா.

இவர் காலமை 221. கொஞ்சம் இறங்குது.

பின்னேரம் காத்து அடங்கிற்று. தகப்பனும் மகளும் வாவிப் பக்கம் நடக்கப் போயிருக்காங்க. போய் ஒரு மணித்தியாலம். வாவியடிக்குப் போய் வர இருபது நிமிசம்தான். சந்தியில் எண்ணெயில் பொரிச்ச ரோல்ஸ் விக்கிற கடை இருக்கு. வந்தவுடன் ரெண்டு பேரையும் கை கழுவச் சொல்லிக் குத்திப் பார்க்கவேண்டும்.