நான் தட்டினால்தான் பாட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? அம்மாவுக்குச் சளி விட்டதா? போனில் என் குரல் கேட்டதுமே வைத்துவிடுகிறீர்கள், அதனால் ஜார்ஜ் டவுனிலிருந்து எழுதுகிறேன். நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

சனிக்கிழமை பத்து காவான் ஊரில் ஒரு கல்யாண டின்னர். எங்கள் பேண்டு வாசிப்பது எல்லாம் அடுத்தவர்கள் பாடிய பாட்டுதான். அதற்கே ஊர் ஊராகக் கூப்பிடுகிறார்கள். மாப்பிள்ளையின் மாமா மேடைக்கு வந்து, "பொம்பளப் பிள்ளை டிரம்ஸ்ல உட்கார்ந்தா நல்லாவா இருக்கு? சேலை கட்டி முன்னால நிக்கச் சொல்லுங்க லா" என்றார்.

நான் குச்சிகளை மடியில் வைத்துவிட்டேன். டிரம்ஸ்காரர் குச்சியை நாலு தட்டு தட்டினால்தான் பாட்டு தொடங்கும். பாடகர் குகன் அண்ணனும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். மண்டபமே எங்களைப் பார்த்தது. கடைசியில் மணப்பெண்ணே மைக்கை வாங்கி, "அக்கா, ஆரம்பிங்க, நாங்க ஆடணும்" என்றாள். தட்டினேன். அந்த மாமாவும் ஆடினார்.

சித்தப்பா பார்த்து வைத்திருக்கும் ஆபீஸ் கிராணி வேலைக்கு நான் வரமாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். பேண்டு வேனில் உட்கார்ந்தபடி தூங்கிக் கழுத்து பிடித்துக்கொள்கிறது. என் சின்னத் தலையணை மட்டும் வேண்டும். தபாலில் அனுப்பாதீர்கள். அடுத்த மாதம் நம் ஊர் மூவாரிலேயே ஒரு கல்யாணத்துக்கு வாசிக்கிறோம். நீங்களே எடுத்து வாருங்கள்.

வேன் வந்துவிட்டது. அன்றைக்கு மண்டபத்தில் உங்கள் முகம் தெரியும்வரை நான் குச்சியைத் தட்டமாட்டேன். கல்யாண வீட்டார் காத்திருக்கட்டும்.

உங்கள் மகள்
ராகினி